தூக்குவது ஒன்று, தாங்குவது ஒன்று

நுழையும் முன்

நெடுஞ்சாலையில் வண்டியின் சக்கரம் காற்றிழப்பது அரிய நிகழ்ச்சி அன்று. அதனைக் கழற்றி வேறு சக்கரம் பூட்டுவதும் அரிய வேலை அன்று. பழகியவர் கால் மணி நேரத்தில் முடித்துவிடுவர். ஆயினும் அந்தக் கால் மணி நேரத்தில், ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு வண்டியின் ஒரு பக்கம் கையடக்கமான கருவி ஒன்றின்மேல் நிற்கிறது. அதனருகே மனிதர் ஒருவர் மண்டியிட்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் பிற வண்டிகள் விரைந்துகொண்டிருக்கின்றன. எளிய வேலை எவ்வாறு இடர் மிகுந்த வேலையாகிறது, அவ்விடரை எவ்வாறு தவிர்க்கலாம் என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

சேம அச்சும் ஸ்டெப்னியும்

வழியில் வண்டி பழுதுறக்கூடும் என்று எண்ணி, மாற்று உறுப்பை உடன் கொண்டு செல்லும் வழக்கம் மிகப் பழையது. புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், உப்பு வணிகராகிய உமணர் தம் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் செல்வதைக் குறிப்பிடுகிறார். அதற்குச் ‘சேம அச்சு’ என்று பெயர். சேமம் என்பது பாதுகாப்பு.

மோட்டார் வண்டிகள் தோன்றிய தொடக்கக் காலத்தில் சக்கரத்தைத் தனியே கழற்றும் வசதி பெரும்பாலும் இல்லை. டயர் காற்றிழந்தால் அதே இடத்தில் அமர்ந்து ஒட்டுப்போட வேண்டியிருந்தது. 1904ஆம் ஆண்டில் வேல்சு நாட்டின் இலனெத்லி நகரில், டேவிஸ் சகோதரர்கள் ஆரக்கால் இல்லாத ஒரு வளையத்தில் காற்றடைத்த டயரைப் பொருத்தி, பழுதான சக்கரத்தின் பக்கவாட்டில் இறுகப் பூட்டும் முறையைக் கண்டனர். அவர்களுடைய பட்டறை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி. அப்பெயரே அந்தச் சக்கரத்திற்கும் ஆயிற்று. இன்றும் இந்தியா முழுவதும் ஓட்டுநர்கள் மாற்றுச் சக்கரத்தை ‘ஸ்டெப்னி’ என்றே அழைக்கின்றனர்.

பின்னர்ச் சக்கரத்தையே கழற்றி மாற்றும் முறை வந்தது. அதற்கு வண்டியைத் தரையிலிருந்து உயர்த்த வேண்டும். எனவே ஸ்டெப்னியுடன் ஜாக்கியும் வண்டியில் இடம்பெற்றது.

ஜாக்கியின் வகைகள்

மகிழுந்துகளுடன் இன்று வருவது பெரும்பாலும் கத்தரி ஜாக்கி. நான்கு இரும்புக் கைகள் சாய்சதுர வடிவில் இணைந்திருக்கும். நடுவே ஒரு நீண்ட திருகு செல்லும். திருகைச் சுழற்றினால் கைகள் நெருங்கி, தலைப்பகுதி உயரும். திருகின் மரைகளுக்கு இடையே உள்ள உராய்வே அது தானாகத் திரும்பிவிடாமல் தடுக்கிறது.

மற்றொன்று பாட்டில் ஜாக்கி. இது எண்ணெயின் அழுத்தத்தால் இயங்குகிறது. அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்தில் கொடுக்கப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்னும் பாஸ்கல் விதி இதற்கு அடிப்படை. இவ்விதியைக் கொண்டு ஜோசப் பிராமா என்னும் ஆங்கிலேயர் நீரழுத்தப் பொறிக்கு 1795ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். லாரி ஓட்டுநர்கள் பெரிதும் நம்புவது பாட்டில் ஜாக்கியையே.

பழைய வண்டிகளில் வேறு வகைகளும் இருந்தன. அமெரிக்க மகிழுந்துகளில் 1970கள் வரை பம்பரில் கொக்கியை மாட்டித் தூக்கும் உயரமான ஜாக்கி வழக்கில் இருந்தது. வண்டியின் முன்பகுதியோ பின்பகுதியோ முழுமையாக மேலெழும். மெல்லிய கம்பம் ஒன்றே அதனைச் சுமக்கும். வண்டி சிறிது நகர்ந்தாலும் கம்பம் சாயும். பல்லிணை நழுவினால் கைப்பிடி எகிறி முகத்தில் அடிக்கும். பம்பர்கள் பிளாஸ்டிக் உறையாக மாறியபின் அவ்வகை மெல்ல மறைந்தது. ஜெர்மானிய வண்டியான பீட்டிலில், பக்கவாட்டின் அடியில் உள்ள சதுரக் குழாயில் ஜாக்கியின் புயத்தைச் செருகித் தூக்குவர். ஆண்டுகள் கடந்து அந்தக் குழாயைச் சுற்றியுள்ள தகடு துருப்பிடித்திருந்தால், ஜாக்கி உயரும், வண்டி உயராது, தகடு மட்டும் கிழியும்.

பழைய ஜாக்கி ஏன் ஏமாற்றுகிறது?

டயர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரிகிறது. விளக்கு எரியாவிட்டால் உடனே தெரிகிறது. ஜாக்கியின் முதுமை அவ்வாறு தெரிவதில்லை. வண்டியின் பின்பெட்டியில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, ஒரே ஒருநாள் வெளியே எடுக்கப்படும் கருவி அது. அந்த ஒருநாளில்தான் அதன் பழுது வெளிப்படுகிறது.

கத்தரி ஜாக்கியில் திருகின் மரைகள் தேய்கின்றன. தேய்ந்த மரை எடையற்ற நிலையில் நன்றாகச் சுழலும். எடை ஏறியதும் வழுக்கும். கைகளை இணைக்கும் ஆணிகள் தளர்ந்திருந்தால் கருவி ஒருபக்கமாக முறுக்கிக்கொள்ளும். ஒருமுறை வளைந்த அடித்தகட்டைச் சுத்தியலால் நிமிர்த்தினாலும் பழைய வலிமை அதற்குத் திரும்புவதில்லை.

பாட்டில் ஜாக்கியில் எண்ணெயைத் தடுத்து நிறுத்துவது ஒரு சிறு ரப்பர் வளையம். காலப்போக்கில் ரப்பர் இறுகி வெடிக்கிறது, எண்ணெய் கசிகிறது. அப்போது ஜாக்கி ஓசையின்றி, மில்லிமீட்டர் மில்லிமீட்டராக இறங்கும். அருகில் இருப்பவர் அதனைக் கவனிப்பதற்கு முன் வண்டி அவர் கைமேல் அமர்ந்திருக்கும்.

இன்னொரு வழக்கமும் இடருக்கு இடமாகிறது. ஒரு வண்டியின் ஜாக்கி காணாமற்போனால், வேறொரு வண்டியின் ஜாக்கியைக் கொண்டு வந்து வைத்துவிடுகின்றனர். ஒவ்வொரு வண்டியின் அடியிலும் ஜாக்கியைப் பொருத்துவதற்கென வலுவூட்டிய இடங்கள் உண்டு. அந்த விளிம்பில் பொருந்தும் பள்ளம் ஜாக்கியின் தலையில் இருக்க வேண்டும். பள்ளம் பொருந்தாவிடில் இரும்பின்மேல் இரும்பு வழுக்கும்.

வண்டி ஏன் நகர்கிறது?

ஜாக்கி பழுதற்றதாக இருப்பினும் வண்டி நகர்ந்தால் அது சாய்ந்துவிடும். சிறு மகிழுந்தின் சக்கரச் சுற்றளவு ஏறத்தாழ 180 செ.மீ. சக்கரம் 10 பாகை மட்டும் திரும்பினால் வண்டி 5 செ.மீ. நகர்கிறது. ஜாக்கியின் அடித்தகடோ ஒரு விரிந்த கையின் அளவே. தலை 5 செ.மீ. விலகியதும் எடை ஒரு பக்கமாகச் சாய்கிறது. பின்னர் அதனைத் தடுக்க யாராலும் இயலாது.

‘ஹேண்ட்பிரேக் போட்டாயிற்று, கியரிலும் நிறுத்தியாயிற்று, பிறகு எப்படி நகரும்?’ என்னும் வினா எழலாம். பெரும்பாலான மகிழுந்துகளில் ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. கியரோ, எஞ்சின் இயக்கும் சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. அந்தப் பிடிப்பும் டிஃபரென்ஷியல் என்னும் பற்சக்கர அமைப்பின் வழியாகவே செல்கிறது. வளைவுகளில் இருபக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல உதவுவது அவ்வமைப்பு. இரண்டில் ஒன்று தரையைவிட்டு எழுந்தால், அது தடையின்றிச் சுழல, தரையில் உள்ள மற்றொன்றும் உருளக்கூடும். ஆகவே முன்சக்கர இயக்கமுள்ள வண்டியில் முன்சக்கரம் ஒன்றைத் தூக்கியதும் கியரின் பிடி பயனற்றதாகிவிடுகிறது.

பழைய வில்லிஸ் ஜீப்பில் இவ்விடர் இன்னும் மிகுதி. அதன் ஹேண்ட்பிரேக் சக்கரங்களில் இல்லை. பின்சக்கரங்களுக்கு ஆற்றலைக் கொண்டு செல்லும் தண்டில் இருக்கிறது. நான்கு சக்கர இயக்கம் இணைக்கப்படாத நிலையில் பின்சக்கரம் ஒன்றைத் தூக்கினால், ஹேண்ட்பிரேக்கும் கியரும் ஒருங்கே கைவிட்டுவிடும். மலைச்சாலையில் இதன் விளைவு என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதனால்தான் தூக்கப்படும் சக்கரத்திற்கு மூலைவிட்டமாக எதிரில் உள்ள சக்கரத்தின் முன்னும் பின்னும் கட்டைகள் வைக்க வேண்டும். முன்பக்க இடச்சக்கரம் தூக்கப்பட்டால், பின்பக்க வலச்சக்கரத்திற்குக் கட்டை. கட்டை இல்லாவிடில் கல் உதவும். ஆனால் வேலை முடிந்ததும் கல்லைச் சாலையிலிருந்து அகற்றுவது கடமை. பழுதான லாரிக்குப் பின்னால் கற்களையும் மரக்கிளைகளையும் அடுக்கி, பின்னர் அவற்றை அப்படியே விட்டுச் செல்லும் வழக்கம் நாட்டின் பல பகுதிகளில் உள்ளது. இரவில் அவ்வழியே வரும் இருசக்கர வண்டிக்கு அந்தக் கல்லே எமனாகும்.

இரு வினைகள்

தூக்குதல் வேறு, தாங்குதல் வேறு. ஜாக்கி தூக்குவதற்கென அமைந்த கருவி. நெடுநேரம் தாங்குவதற்கென அமைந்தது அன்று. பணிமனைகளில் வண்டியை ஜாக்கியால் உயர்த்தியபின், அதன் அடியில் அகன்ற கால்களையுடைய இரும்புத் தாங்கிகளை வைத்து, எடையை அவற்றின்மேல் இறக்குவர். அதன் பின்னரே ஒருவர் அடியில் நுழைவார். சாலையோரத்தில் அத்தகைய தாங்கி இருப்பதில்லை. எனவே சாலையோரத்தில் வண்டியின் அடியில் தலையையோ கையையோ காலையோ நுழைத்தல் கூடாது. உருண்டு சென்ற ஒரு நட்டை எடுப்பதற்கும் கூடாது.

தாங்கி இல்லாத இடத்தில் ஓர் எளிய துணை உண்டு. வண்டியை உயர்த்தியதும் ஸ்டெப்னியை, வண்டியின் பக்கவாட்டு விளிம்புக்கு அடியில் படுக்கவைக்க வேண்டும். பழுதான சக்கரத்தைக் கழற்றியதும் அதனை அங்கே படுக்கவைத்து, ஸ்டெப்னியை எடுத்துப் பூட்ட வேண்டும். ஜாக்கி நழுவினாலும் வண்டி அந்தச் சக்கரத்தின்மேல் அமரும். அடியில் இடைவெளி எஞ்சும். செங்கல், துளையுள்ள சிமென்ட் கல் ஆகியவை இதற்கு உதவா. அவை முன்னறிவிப்பின்றி நொறுங்குபவை.

நட்டைத் தளர்த்துவதிலும் முறை உண்டு. சிறு மகிழுந்தின் சக்கர நட்டு ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் இறுக்கப்பட்டிருக்கும். 25 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் இதற்கு 40 கிலோ எடைக்கு இணையான விசை வேண்டும். துருப்பிடித்த நட்டுக்கு அதனினும் மிகுதியாக வேண்டும். அவ்வளவு விசையை ஜாக்கியின்மேல் நிற்கும் வண்டியில் செலுத்துவது, வண்டியைத் தள்ளி வீழ்த்துவதற்கு ஒப்பாகும். எனவே சக்கரம் தரையில் இருக்கும்போதே எல்லா நட்டுகளையும் அரைச்சுற்றுத் தளர்த்திவிட வேண்டும். அவ்வாறே, வண்டி தரையில் இறங்கியபின்னரே இறுதியாக இறுக்க வேண்டும். அடுத்தடுத்த நட்டுகளை இறுக்காமல், எதிரெதிர் நட்டுகளை மாறி மாறி இறுக்கினால் சக்கரம் சீராக அமரும்.

சாலை என்னும் மற்றோர் ஆபத்து

ஜாக்கியைப் பற்றிய கவலை முடிந்தாலும் சாலையைப் பற்றிய கவலை முடிவதில்லை. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. முன்னே நிற்கும் வண்டியைக் கண்டு, அது நிற்கிறது என்று உணர்ந்து, பிரேக்கை மிதிக்க ஓட்டுநருக்கு ஒன்றரை நொடி ஆகலாம்; அதற்குள் 33 மீட்டர் கடந்துவிடும். அதன்பின் வண்டி நிற்பதற்கு உலர்ந்த சாலையிலும் ஏறத்தாழ 35 மீட்டர் வேண்டும். ஆக, கண்ட இடத்திலிருந்து நின்ற இடம்வரை ஏறத்தாழ 70 மீட்டர். வண்டிக்குப் பின்னால் பத்தடி தொலைவில் வைக்கப்பட்ட எச்சரிக்கை முக்கோணத்தால் என்ன பயன் என்பதை இக்கணக்கே சொல்லும்.

வட இந்தியாவில் டிசம்பர், சனவரி மாதங்களில் பனிமூட்டம் சாலையை மூடுகிறது. அக்காலத்தில் யமுனா விரைவுச்சாலை போன்ற சாலைகளில் வேகவரம்பே குறைக்கப்படுகிறது. பனியில், நிற்கும் வண்டியின் பின்விளக்கும் ஓடும் வண்டியின் பின்விளக்கும் ஒன்றுபோலவே தோன்றும். பின்னே வருபவர் அதனைத் தொடர்ந்து செல்லும் வண்டி என்று எண்ணி அணுகிவிடுவார்.

ஒரு சூழலை எண்ணிப் பார்க்கலாம். பணியிட மாற்றம் பெற்ற ஒரு குடும்பம் சனவரி மாத மாலையில் நெடுஞ்சாலையில் செல்கிறது. வண்டியின் பின்பக்க வலச்சக்கரம் காற்றிழக்கிறது. இந்தியாவில் இடப்புறம் செல்வதால், வலச்சக்கரம் போக்குவரத்தை ஒட்டிய பக்கம். அங்கே அமர்ந்து சக்கரத்தை மாற்றுபவரின் முதுகு ஓடுபாதையை நோக்கியிருக்கும். பெட்ரோல் நிலையம் அரைக் கிலோமீட்டர் தொலைவில் தெரிகிறது. காற்றற்ற டயரில் அவ்வளவு தொலைவு ஓட்டினால் டயர் நிச்சயம் பாழாகும், வளையமும் நெளியலாம். ‘சில ஆயிரம் ரூபாய் டயரைப் பாழாக்குவதா?’ என்று தந்தை தயங்குகிறார். ‘டயரைக் கடையில் வாங்கலாங்க’ என்கிறார் தாய். நான்கு விளக்குகளும் ஒருசேர மின்ன, வண்டி இடப்புற ஓரமாக ஊர்ந்து பெட்ரோல் நிலையத்தை அடைகிறது. சமதளம், வெளிச்சம், உதவிக்கு ஆள் ஆகிய மூன்றும் அங்கே கிடைக்கின்றன. அந்த டயர் பாழாயிற்று. அது இழப்பு அன்று, கொடுத்த விலை.

மாற்றாமல் இருப்பதும் ஒரு முடிவே

சரிவான நிலம், சேறு, மணல், வளைவு, பாலம், பனி, போக்குவரத்தை ஒட்டிய சக்கரம், நம்பிக்கைக்குரியதல்லாத ஜாக்கி ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் சக்கரத்தை அங்கே மாற்றாமல் இருப்பதே அறிவுடைமை. தேசிய நெடுஞ்சாலைகளில் 1033 என்னும் எண்ணை அழைத்தால் உதவி கிடைக்கும். உயிருக்கு இடர் எனில் 112. உதவி வரும்வரை பயணிகள் வண்டிக்குள்ளோ வண்டிக்குப் பின்னாலோ இருத்தல் ஆகாது; சாலையோர உலோகத் தடுப்புக்கு அப்பால் நிற்க வேண்டும்.

2020 அக்டோபர் முதல், ட்யூப் இல்லாத டயர்களும் காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும் ஓட்டையை அடைக்கும் சாதனமும் கொண்ட சிறு பயணியர் வண்டிகள் ஸ்டெப்னி இல்லாமலே விற்கப்படலாம் என்று மத்திய அரசு விதியைத் திருத்தியுள்ளது. சிறிய ஓட்டையாயின் சக்கரத்தைக் கழற்றாமலே அடைத்துவிடலாம். ஆனால் டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் அச்சாதனம் உதவாது. ஜாக்கியும் அதனைக் கையாளும் அறிவும் இன்னும் நெடுங்காலம் தேவைப்படும்.

சிறுவர்க்கும் இதில் பங்குண்டு. பயணத்திற்கு முன் ஜாக்கியை வெளியே எடுத்து, மரை தேய்ந்துள்ளதா, எண்ணெய் கசிகிறதா, ஸ்டெப்னியில் காற்று உள்ளதா என்று பெரியவர்களுடன் சேர்ந்து பார்க்கலாம். வீட்டு வாசலில், சமதளத்தில், பகலில் ஒருமுறை பழகிப் பார்க்குமாறு வேண்டலாம். ‘பதறாத காரியம் சிதறாது’ என்பது பழமொழி. சாலையோரத்தில் பதறாமல் இருக்க வேண்டுமாயின், வீட்டிலேயே அறிந்திருக்க வேண்டும்.

சொல்லும் பொருளும்

சேமம் – பாதுகாப்பு
உமணர் – உப்பு வணிகர்
மரை – திருகில் உள்ள சுற்றுப்பள்ளம்
மூலைவிட்டம் – எதிரெதிர் மூலைகளை இணைக்கும் கோடு
முறுக்குவிசை – ஒன்றைச் சுழற்றும் விசை
பணிமனை – வண்டி பழுதுபார்க்கும் இடம்

மொழிப்பயிற்சி

அ. பிரித்து எழுதுக.
1. சாலையோரம்
2. நெடுஞ்சாலை
3. முன்னறிவிப்பு

ஆ. பொருள் வேறுபாடு தோன்றச் சொற்றொடரில் அமைத்து எழுதுக.
1. தூக்குதல் – தாங்குதல்
2. நிறுத்துதல் – நிற்றல்
3. இழப்பு – விலை

இ. பொருத்தமான வேற்றுமை உருபைச் சேர்த்து எழுதுக.
1. ஓட்டுநர் சக்கரம் ____ கழற்றினார்.
2. ஜாக்கி ____ வண்டியை உயர்த்தினர்.
3. கல்லைச் சாலை ____ அகற்றினான்.

வினாக்கள்

1. மாற்றுச் சக்கரத்திற்கு ஸ்டெப்னி என்னும் பெயர் வந்தது எவ்வாறு?
2. பழைய பாட்டில் ஜாக்கியில் நேரும் பழுது யாது? அது கண்ணுக்குத் தெரியாமைக்குக் காரணம் என்ன?
3. முன்சக்கர இயக்கமுள்ள வண்டியில் முன்சக்கரத்தைத் தூக்கும்போது கியரின் பிடி ஏன் பயனற்றதாகிறது?
4. சக்கரத்தைத் தூக்குவதற்கு முன்பே நட்டுகளைத் தளர்த்த வேண்டும். ஏன்?
5. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒன்றரை நொடியில் எவ்வளவு தொலைவு கடக்கும் என்று கணக்கிட்டு, அதனால் அறியப்படும் செய்தியை இரண்டு தொடர்களில் எழுதுக.
6. ‘அது இழப்பு அன்று, கொடுத்த விலை’ என்னும் தொடரைப் பாடப்பகுதியைக் கொண்டு விளக்குக.

செயல்திட்டம்

வீட்டில் அல்லது அண்டை வீட்டில் உள்ள வண்டியின் ஜாக்கியைப் பெரியவர் ஒருவருடன் சேர்ந்து பார்வையிடுக. அதன் வகை, நிலை, அதில் பொறிக்கப்பட்டுள்ள எடை அளவு ஆகியவற்றைக் குறித்து, ‘இந்த ஜாக்கியை நம்பலாமா?’ என்னும் தலைப்பில் பத்து வரிகள் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.